சகாயம் அண்ணன் ஸ்டிக்கர்

சகாயம் அண்ணன் போய்விட்டார். இன்று காலை, ஹார்ட் அட்டாக்.

திருச்சி சின்னக்கடைவீதியில் நான் ஆறு வருடம் வேலை பார்த்த பாத்திரக்கடையில் அவரும் சேல்ஸ்மேன். பாலக்கரைக்காரர். கோபமே வராத மனுஷன்... அதுதான் எங்களுக்கு வசதியாகப் போயிற்று.

வையம்பட்டி பக்கம் பஸ் கவிழ்ந்ததில் மகளைப் பறிகொடுத்தவர் என்று அவர் வேலைக்குச் சேரும் முன்பே முதலாளி சொல்லியிருந்தார். ஏழு வயதுக் குழந்தை. நாங்களும் இரண்டு நாள் ஐயோ பாவம் என்றோம்.

மூன்றாம் நாள் ஒரு தாம்பாளம் கை தவறி விழுந்தது. அண்ணன் தரையில் குப்புற விழுந்து, முழங்கையை ஊன்றி, வயிற்றுக்கடியில் எதையோ பொத்திக்கொண்டார். கடையே சிரித்தது.

அதன் பிறகு எதுவும் கை தவறி விழவில்லை. வியாபாரம் டல்லடித்தால் அவர் முதுகுக்குப் பின்னால் ஒரு தட்டைப் போடுவோம். பெரும்பாலும் நான்தான்.

ஒருநாள் டாக்டர் சீட்டைக் காட்டினார். "பி.டி.எஸ்.டி.ன்னு எழுதியிருக்காங்க தம்பி. பஸ் கவுந்தது முடிஞ்சுபோச்சுன்னு மண்டைக்குத் தெரியுதாம், ஒடம்புக்குத் தெரியலையாம். சத்தம் கேட்டா மறுபடி பஸ்ஸுக்குள்ள போயிடுதாம். கொஞ்சம் பாத்துக்கங்க."

"டிகிரி மாதிரியே இருக்கேண்ணே, பேருக்குப் பின்னால போட்டுக்கங்க" என்றேன். அவரும் சிரித்தார். அன்று மதியமே அண்டா மூடியைப் போட்டேன்.

அவர் தரையில் கிடந்ததை போட்டோ எடுத்து ஸ்டிக்கராக்கியதும் நான்தான். கடை வாட்ஸ்அப் குரூப்பில் அவர் குட்மார்னிங் போட்டால்கூட பதிலுக்கு அதுதான் போகும். ஸ்ரீரங்கத்தில் தனிக்கடை போட்ட பிறகும் நான் அந்த குரூப்பை விடவில்லை.

இன்று காலை குரூப்பில் அவர் நம்பரிலிருந்து மெசேஜ். பெயரை மட்டும் பார்த்தேன். பழக்கதோஷம்... ஸ்டிக்கரைத் தட்டிவிட்டேன்.

பிறகுதான் படித்தேன். அவர் இறந்த செய்தியை அவர் மனைவி போட்டிருந்தார்.

டெலீட் செய்வதற்குள் அந்த அக்கா பார்த்துவிட்டார். போன் வந்தது. திட்டியிருந்தால் தேவலை.

"தம்பி, இது எப்ப எடுத்தது? பஸ்ஸுலயும் பாப்பாவ இப்படித்தான் பொத்திக்கிட்டுக் கெடந்தாரு... கடையில எதுக்குப்பா இப்படிப் படுத்திருக்காரு?"

"கால் தடுக்கி விழுந்துட்டாருக்கா" என்றேன்.

"அப்படியா... நாலு மணிக்கு அடக்கம். வந்துடு தம்பி. நீ ரொம்பத் தமாசுக்காரன்னு சொல்லிச் சொல்லிச் சிரிப்பாரு."

எழுதவே அசிங்கமாக இருக்கிறது. அக்கா முகநூலில் இல்லை, அந்தத் தைரியத்தில்தான் எழுதுகிறேன்.

போய்ட்டு வாங்கண்ணே. மணி ஐந்தாகிவிட்டது. நான் வரவில்லை.