பூட்டிய கேற்றுகளின் சராசரி

ஓர்ஸ் ஹில்லில், ஒழுங்கை மேலேறி முடிகிற இடத்தில் என் வீடு. இங்கிருந்து உள்துறைமுகம் முழுவதும் தெரியும். அவ்வளவு தண்ணீரையும் பார்த்துக்கொண்டு வெறும் வாளியோடு நிற்பது ஒரு தனி எரிச்சல். கோடையில் குழாய்த் தண்ணீர் சரிவின் கீழ்வீடுகளோடு நின்றுவிடும். மேல்வீடுகளுக்குப் பவுசர் லொறியில்தான் கொண்டுவந்து ஊற்றுவார்கள்.

இந்த முறை பவுசரையும் நிறுத்தினார்கள். குளிக்காமல் திரிய எழுத்தாளனுக்கு ஒரு சலுகை உண்டு. பக்கத்து வீட்டுத் தங்கச்சிக்கு இல்லை. பிள்ளை பெற்று இப்போதுதான் ஆஸ்பத்திரியிலிருந்து வந்தவள். குழந்தையின் துணிகள் தோய்க்க வழியில்லாமல் மூலையில் குவிந்து கிடந்தன. நீர்வழங்கல் அலுவலகத்துக்குப் போனேன்.

அதிகாரி கதிரை தந்தார்.

"சேர்வே செய்துதான் முடிவெடுத்தனாங்கள், சேர். சராசரியாப் பார்த்தா உங்கட ஒழுங்கையில தண்ணிக்குக் குறைவில்லை."

"மேல்வீடுகளில கேட்டனீங்களோ?"

"சேர்வே எடுக்கிற பிள்ளையள் வந்தவை. கேற்றெல்லாம் பூட்டிக் கிடந்ததாம். ஆளில்லாத வீடெண்டு கழிச்சாச்சு."

கழிக்கப்பட்டவன் அவர் முன்னால் வியர்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பிள்ளைகள் வந்த அன்று நடந்தது அப்போதுதான் உறைத்தது. யன்னலால் பார்த்த மனைவி, "இஞ்சருங்கோ, கணக்கெடுக்கிற பிள்ளையள் ஏறி வருகுதுகள். தேத்தண்ணி போடவும் தண்ணி இல்லை. இந்த வெயிலுக்க வாறதுகளை வெறுமனே அனுப்பேலாது. கேற்றைப் பூட்டுங்கோ" என்றாள். பூட்டினேன். டிவியின் சத்தத்தையும் குறைத்தேன். மேட்டில் எல்லா வீட்டிலும் அன்று இதே மானப் பிரச்சினைதான்.

ஆக, தேத்தண்ணி கொடுக்கத் தண்ணீர் இருந்தவர்களிடம் மட்டும் தண்ணீர் இருக்கிறதா என்று கேட்டிருக்கிறார்கள். நான் புள்ளிவிபரவியல் படித்தவன். பதிலளிக்காதோரைப் பற்றிப் பரீட்சையில் பக்கம் பக்கமாக எழுதித் தேறியவன். அவர்கள் உள்ளே மூச்சைப் பிடித்துக்கொண்டு சோபாவில் இருப்பார்கள் என்று எந்த விரிவுரையிலும் சொல்லவில்லை.

"வீட்டில இருந்துகொண்டு ஏன் சேர் திறக்கேல்லை?"

"தேத்தண்ணிக்குத் தண்ணி இல்லை."

சிரித்தார். அந்தச் சிரிப்பில்தான் எனக்குப் பற்றிக்கொண்டது.

"உங்களுக்கு வெக்கமெண்டா அது எங்கட பிழையோ?"

"ஒவ்வொரு கேற்றடியிலயும் பவுசருக்கு வைச்ச வெறும் வாளி வரிசையாக் கிடந்தது. ஆளில்லாத வீட்டில ஆர் வாளி வைச்சது, பேயோ? பூட்டின வீட்டை ஒருக்காத் தட்டிப் பார்க்கேலாதோ? கழிக்கிறதுக்கு மட்டும் கை நீளுமோ?"

மேசையில் அடித்தேன். கை நொந்தது, காட்டிக்கொள்ளவில்லை. பிள்ளைகளைத் திரும்ப அனுப்ப ஒப்புக்கொண்டார்.

மேல்வீடுகள் எல்லாவற்றுக்கும் போய், "ஒருத்தரும் தேத்தண்ணி குடுக்கப்படாது" என்று கண்டிப்பாகச் சொல்லி வைத்தேன். கேட்டால்தானே! பிள்ளைகள் இரண்டு பேர் திரும்ப வந்த அன்று நான் ஓடிப்போய்ச் சேர்வதற்குள், தங்கச்சி குழந்தைக்கென்று எடுத்து வைத்த தண்ணீரில் தேத்தண்ணி போட்டுக் கொடுத்துவிட்டாள். ஒரு பிள்ளை ஒரு கையில் கிளாஸ், மறு கையில் போனோடு கேட்டாள்:

"தண்ணிக்குப் பிரச்சினையோ, அக்கா?"

"ஏதோ சமாளிக்கிறம், பிள்ளை."

பிள்ளையின் விரல் போனில் இறங்கப் போனது.

"எழுதாதேங்கோ!" என்று கத்தினேன்.

தங்கச்சி என்னை முறைத்தாள். "வந்த பிள்ளையளிட்ட இல்லைப்பாட்டைச் சொல்லுறதே, அண்ணை?"

"நீ சொல்லாட்டி நான் சொல்லுறன்."

நேரே குசினிக்குள் போய்க் குழாயைத் திறந்தேன். அது இருமியது, சீறியது, காற்றை விட்டது. மூலையில் குழந்தையின் துணிக்குவியலைக் காட்டினேன். இரண்டு பிள்ளைகளும் கையிலிருந்த கிளாஸைப் பார்த்தார்கள். மிச்சத்தைக் குடிக்கவும் மனமில்லை, வைக்கவும் மனமில்லை.

"இந்தக் காத்தையும் சேர்த்துச் சராசரி போடுங்கோ" என்றேன்.