பொச்சுமட்டைச் சாம்பல்

உள்ளங்கையில் வைத்தால் ரேகைக்குள் இறங்கிவிடும். மூச்சு விட்டால் பறந்துவிடும். பிட்டுக்கு மா அரித்துப் பழகிய என் கைக்கே அந்தச் சிலிக்கன் மா புதுமையாக இருந்தது. எழுபதுகளின் கடைசியில், யாழ்ப்பாணத்துத் திருநெல்வேலியில் பல்கலைக்கழக ஆய்வுகூடம் ஒன்றில் சாமான் கழுவும் தற்காலிக வேலை எனக்கு. அங்கேதான் அந்த லெக்சரரைக் கண்டேன். என்னைவிடப் பத்து வயது இளையவர், அதனால் எனக்குத் தம்பி. எங்கள் தோட்டங்களில் தண்ணீர் இறைக்கும் மெசின்களின் இரும்பு வளையங்களை மணல் அரித்துத் தின்றுவிடும். அந்த மாவை அழுத்தி வளையமாக்கி, நைதரசன் வாயு ஓடும் உலையில் நாட்கணக்காகச் சுட்டால் மணலுக்குத் தேயாத வளையம் வரும் என்பார். கப்பலில் வந்தது ஒரே ஒரு தகரம் மா.

மாவை இன்னும் நுணுக்குவதற்கு உருளுகிற சாடி ஒன்று இருந்தது. "அக்கா, ஸ்பிரிட்டாலை மட்டும் கழுவுங்கோ, வேறை ஒண்டும் வேண்டாம்" என்றார். ஓம் என்றேன். ஆனால் ஸ்பிரிட்டால் அலம்புவது எனக்குக் கழுவலாகத் தெரியவில்லை. வீட்டுக் குசினி அடுப்பிலிருந்து, தேங்காய்ப் பொச்சுமட்டை எரிந்த சாம்பலைக் கொண்டுபோய், உட்புறம் மினுங்க மினுங்கத் தேய்த்து வைத்தேன். இன்றைக்கும் என் சட்டிகளுக்குச் சாம்பல்தான். மருமகள் வாங்கி வரும் சவர்க்காரத்தை நான் தொடுவதில்லை.

பாதி மாவில் செய்த வளையங்கள் உலையிலிருந்து கோணலாக வந்தன. மேலெல்லாம் கண்ணாடித் துளிகள். தம்பி உலையில்தான் பிழை என்று நினைத்தார். மூன்று கிழமை அதைக் கழற்றினார், பூட்டினார், கொண்டு வந்த சோற்றுப் பார்சலைப் பிரிக்கவும் மறந்தார். மிச்ச மாவும் பழுதாய்ப் போனால் உலையை வேறு ஆட்களுக்குக் கொடுத்துவிடுவார்கள்.

ஒருநாள் குப்பைக்குப் போக இருந்த வளையம் ஒன்றைக் கையில் எடுத்துப் பார்த்தேன். என் தகப்பனாரின் சுண்ணாம்புச் சூளையில், விறகுச் சாம்பல் படிந்த கல்லில் இதே துளியைக் கண்டிருக்கிறேன். வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால் ஒருவருக்கும் தெரிந்திராது. என் வேலையும் நிலைத்திருக்கும். தம்பி மறுபடியும் உலைக்குள் தலையை விட்டுக்கொண்டிருந்தார்.

"தம்பி, உலையை விடுங்கோ. பிழை என்ரை. பொச்சுச் சாம்பல் போட்டுத்தான் சாடியைத் தேய்ச்சனான்."

உலையிலிருந்து தலையை வெளியே எடுத்தார். "என்னக்கா, குசினிச் சட்டி எண்டு நினைச்சியளோ?" என்றார்.

"என்ரை குசினிச் சட்டி உதைவிடத் துப்புரவு" என்றேன். அழுகையோடுதான் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

செய்தி துறைத் தலைவருக்கும் எட்டியது. "உந்த மனிசியை நிற்பாட்டிப்போட்டு வேறை ஆளைப் பாரும்" என்றார் அவர்.

"வேறை ஆள் எண்டால் வாய் திறந்திராது, சேர். மிச்ச மாவும் போயிருக்கும். சாடி அக்காவின்ரை கையிலையே இருக்கட்டும்" என்றார் தம்பி.

புதுச் சாடி ஒன்று எடுத்தார்கள். அதை ஸ்பிரிட்டால் மட்டும் கழுவினேன். மனம் கேட்கவில்லை, ஆனாலும் கழுவினேன். மிச்ச மாவைச் சுட்டு உலை திறந்த காலை, சாம்பல் நிறத்தில் ஒரு வளையம், துளியும் இல்லை, கோணலும் இல்லை. தம்பி அரத்தை எடுத்தார். தான் தேய்க்காமல் என்னிடம் நீட்டினார்.

"உங்களுக்குத் தேய்ச்சுப் பழக்கம்தானே. நல்லாப் போட்டுத் தேயுங்கோ, அக்கா."

கையில் இருந்த பலமெல்லாம் போட்டுத் தேய்த்தேன். அரம்தான் தேய்ந்தது.