அக்கா பார்த்த ஆமிக்காரன்

ஹிட்லருக்குத் தப்பி அமெரிக்காவுக்கு ஓடிய ஒரு யூத நடிகருக்கு, அங்கே சினிமாவில் கிடைத்ததெல்லாம் ஹிட்லரின் அதிகாரி வேடம்தான். அவருடைய ஆங்கிலத்தில் இருந்த ஜெர்மன் உச்சரிப்பு அப்படி. யுத்தகாலப் படங்களில் ஐந்து நிமிடம் வருவார், யாரையாவது விசாரிப்பார், படம் பாதி போவதற்குள் சுடப்பட்டுச் செத்துப்போவார். கனடா வந்த முதல் குளிர்காலத்தில், அஜின்கோர்ட் பேஸ்மென்ற் ஒன்றில் இருந்து அவரை ரீவியில் பார்த்தேன். அவருடைய கதையைப் பிறகு நூலகத்தில் வாசித்தபோது எனக்கு எரிச்சல்தான் வந்தது. இந்த மனிசனுக்கு வேறு பிழைப்பே கிடைக்கவில்லையா?

எனக்கும் அதே பிழைப்பு வாய்த்தது. கிழமை நாட்களில் பிறம்ரனில் வெயார்ஹவுஸ் வேலை, சனி ஞாயிறுகளில் எங்கள் ஈழத்து ஆட்கள் எடுக்கும் படங்களில் நடிப்பு. அகதியாக வந்த எனக்கு அகதி வேடம் ஒருநாளும் தந்ததில்லை. உயரமும் மீசையும் கொஞ்சம் சிங்களமும் இருந்ததால் எப்போதும் இலங்கை ராணுவத்து ஆமிக்காரன்.

இதையெல்லாம் அக்காவுக்குச் சொல்லாமல் வைத்திருந்தேன். அத்தானை அவளுடைய கண்முன்னால்தான் ஊரில் ஒரு ஆமி செக்பொயின்ற்றில் மறித்துக் கொண்டுபோனார்கள். அவர் திரும்பி வரவில்லை. அந்த நாளைப் பற்றி அவள் ஒருவரிடமும் வாய் திறந்ததில்லை. எனக்கென்று இருப்பது அவள் ஒருத்திதான். நான் அந்த உடுப்பில் நிற்பதைப் பார்த்துவிட்டு என்னோடு கதைக்காமல் விட்டுவிடுவாளோ என்று பயம்.

போன கோடையில் ஒஷாவாவுக்கு அப்பால் ஒரு வெட்டவெளியில் செக்பொயின்ற் காட்சி எடுத்தார்கள். இயக்குநர் இங்கே பிறந்த பெடியன். பின்னணியில் சைக்கிள் ஓட வயதானவர்கள் சிலரைக் கூட்டி வந்திருந்தான். அவர்களோ என்னைக் கண்டதும் ஊர்ப் பழக்கத்தில் தூரத்திலேயே இறங்கி, தொப்பியைக் கழற்றி, சைக்கிளை உருட்டிக்கொண்டு வந்தார்கள்.

"அங்கிள், ஏன் இறங்குறீங்கள்? ஜஸ்ற் கீப் றைடிங்."

மூன்று தரம் எடுத்தும் இறங்கினார்கள். ஒருவர் கேட்காமலே தன் ஒன்ராறியோ லைசென்ஸை எடுத்து என்னிடம் நீட்டினார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் வேடத்துக்கு வேண்டிய அளவு அவர்களைப் பார்த்துக் கத்தினேன்.

ஸ்காபரோவில் படம் போட்ட அன்று, யாரோ சொல்லி அக்காவும் வந்துவிட்டாள். பக்கத்தில் இருந்து முழுவதையும் பார்த்தாள். நான் திரையைப் பார்க்கவில்லை, அவளுடைய முகத்தைத்தான் பார்த்தேன். அதில் ஒன்றும் தெரியவில்லை. காரில் ஏறிப் பாதித் தூரம் வந்த பிறகுதான் கேட்டாள்.

"நீ ஏன் அப்பிடிக் கத்தினனீ?"

"ஆமியெண்டால் கத்துவாங்கள்தானே அக்கா."

"அவன் கத்தேல்லை." அவள் முன்கண்ணாடிக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். "வெய்யிலுக்கை நிக்காதேங்கோ, அந்த மரத்துக்குக் கீழை நில்லுங்கோ எண்டு சொன்னவன். அத்தானை அஞ்சு நிமிசத்திலை அனுப்புறன் எண்டவன். நான் அவனுக்கு நன்றியும் சொன்னனானடா தம்பி."