தண்ணீரை அமிலம் என்று சொன்னேன்

இன்று தெப்ராவ் பக்கம் ஒரு ரப்பர் தோட்டத்தில், ஆய்வுக்கூட உதவியாளர் வேலைக்கு நேர்காணல். வெள்ளைக்காரத் துரையும் பக்கத்தில் தோட்டத்துக் கணக்கு வழக்கைப் பார்க்கும் பெரிய கிராணியும் உட்கார்ந்திருந்தார்கள்.

ரப்பர் பால் உறையாமல் இருக்க அம்மோனியா ஊற்றுகிறோமே, அது தண்ணீரில் கலந்தால் எது அமிலம், எது காரம் என்று துரை கேட்டார்.

சிங்கப்பூரில் புதிதாக வந்த புத்தகத்தில் படித்த பாடம் அது. உற்சாகமாகவே பதில் சொன்னேன்.

"தண்ணி ஒரு புரோட்டான குடுக்குது. அதனால இங்க அதுதான் அமிலம். வாங்கிக்கிற அம்மோனியா காரம். குடுத்த பிறகு மிஞ்சுற ஹைட்ராக்சைடு, தண்ணியோட இணை காரம். அம்மோனியா மாறி வர்ற அம்மோனியம், அதோட இணை அமிலம்."

தண்ணீர் ஒருநாளும் அமிலமாகாது என்றார் துரை.

கிராணி சத்தமாகச் சிரித்தார். "அப்போ தெனமும் அமிலத்தத்தான் குடிக்கிறோமா? சரி, போயிட்டு வாங்க தம்பி."

வாசலில் செருப்பை மாட்டும்போது கிராணியே பின்னால் வந்தார். "நீங்க சொன்னது சரிதான். அந்தப் புத்தகத்த நானும் படிச்சிருக்கேன்," என்றார் மெல்ல.

"பின்ன ஏன் சிரிச்சீங்க?"

"துரைக்குத் தெரியாதது எனக்குத் தெரியும்னா, என் வேலையும் போயிடும். புள்ளகுட்டிக்காரன், தம்பி."

அவர்மேல் முழுதாகக் கோபப்படக்கூட முடியவில்லை. ரோடு வரை வெயிலில் நடந்தேன். வாயெல்லாம் கசந்தது.

அடுத்த வாரம் தங்காக்கில் இன்னொரு நேர்காணல். அங்குள்ள துரை எந்தக் காலத்துப் புத்தகம் படித்தவர் என்று தெரிந்தவர்கள், தயவுசெய்து முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.