அருவிக்கரையில் வந்த இழப்பீடு

துபாயிலிருந்து ஊர் திரும்பும்போது, சென்னையில் எங்கள் இணைப்பு விமானத்தை ரத்து செய்துவிட்டார்கள். நானா விடுவேன்? இழப்பீடு கேட்டு மாதக்கணக்கில் மெயில் அனுப்பிச் சண்டை போட்டேன். "அவனுவ எங்க தரப்போறானுவ" என்று மனைவி சிரித்தாள்.

சீசனுக்குக் குற்றாலம் ஐந்தருவிக்குப் போயிருந்தோம். உடம்பெல்லாம் எண்ணெயோடு நான் நின்றபோது, கணக்கில் பணம் ஏறிவிட்டதாகச் செல்போனில் தகவல் வந்தது. கட்டிய துண்டோடு, மனைவி நின்ற பெண்கள் குளிக்கும் பக்கம் பார்த்துக் கத்திக்கொண்டே ஓடினேன். குற்றாலத்தில் ஒருவன் அப்படி ஓடினால் வெள்ளம் வருகிறது என்றுதான் நினைப்பார்கள். அத்தனை பேரும் கரையேறிவிட்டார்கள்.

ஈரத்தலையோடு ஓடிவந்த மனைவி, "வெள்ளமா?" என்றாள்.

"இல்ல, பிளைட்டுக்காரன் பணம் போட்டுட்டான்."

அவள் ஆளில்லாத அருவியைத் திரும்பிப் பார்த்தாள்.

"யார்ட்டயும் சொல்லாதீய. நான் இன்னொரு தடவ குளிச்சிட்டு வந்திருதேன்."