ஐம்பத்தொரு கிலோ

என் சின்ன மகன் ஒரு காரை வாங்கிவைத்துக்கொண்டு படுத்துகிற பாடு கொஞ்சமல்ல. ரோட்டில் ஓட்டத்தான் வாங்கினான். இப்போது மாதத்தில் ஒரு ஞாயிறு அதைப் பந்தயத் தளத்துக்குக் கொண்டுபோய்ச் சுற்றிவிட்டு வருகிறான். அதற்காகப் பின்சீட்டைக் கழற்றினான், பிரேக்கை மாற்றினான், டயரை மாற்றினான். போன வாரம் போனில் ஒரு படம் காட்டினான். காரின் நாலு சக்கரத்துக்கு அடியிலும் நாலு எலக்ட்ரானிக் தராசு.

"அம்மா, இது ஒனக்குப் புரியாது. நாலு வீலும் எவ்ளோ வெயிட் தாங்குதுன்னு பார்த்து செட் பண்றாங்க" என்றான்.

எனக்குப் புரியாதாம். மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவள்தான் நான். ஆனால் இன்றைக்கு மரக்காணத்தில் உப்பு ஏற்றும் லாரிகளில் பன்னிரண்டு என்னுடையவை. ஒரு மூட்டையைக் காலால் லேசாகத் தள்ளிப் பார்த்தே அரைக் கிலோ குறைவதைச் சொல்லிவிடுவேன். எடை போடுகிறவர்கள் என்னைக் கண்டால் தானாக எழுந்து நிற்பார்கள். இவன் சொல்கிற நாலு தராசு வேலையை ஒன்பது வயதிலேயே பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். பார்த்ததோடு விட்டேனா, அதைக் கெடுத்ததும் நான்தான்.

அப்பா உப்புக் கிடங்கில் எடை போடுகிறவர். அவருடைய தம்பி, என் சித்தப்பா, அதே கிடங்கின் லாரிகளுக்கு மெக்கானிக். அதற்கு முன் பாண்டிச்சேரியில் ஒரு வெள்ளைக்காரரிடம் வேலை பார்த்தார். அந்த வெள்ளைக்காரர் தன் தேசத்துக்குக் கப்பலேறும்போது, ஓடாமல் நின்றுபோன சிவப்புக் காரை இவர் தலையில் கட்டிவிட்டுப் போனார். இரண்டே சீட்டு. ஸ்டியரிங் இடது பக்கம். தரையோடு தரையாகப் படுத்துக்கிடக்கும். சித்தப்பா அதை ஓடவைத்தார். ஓடினால் போதாது, பந்தயத்தில் ஓடவேண்டும் என்று அவருக்கு ஆசை வந்துவிட்டது.

மெட்ராசுக்கு அந்தப் பக்கம் விமானம் இறங்காத பழைய விமானத் தளம் ஒன்றில் வருஷத்துக்கு ஒரு தரம் கார் பந்தயம் வைப்பார்கள். முதல் வருஷம் போனார். திருப்பத்தில் ஒரு சக்கரம் தரையை விட்டு எழும்பி, கார் பம்பரமாகச் சுற்றி, வந்த வழியைப் பார்த்து நின்றது. கூட்டம் கைதட்டிச் சிரித்ததாம். வீட்டுக்கு வந்து நாலு நாள் யாரோடும் பேசவில்லை. அடுத்த வருஷம் ஒரு சுற்றாவது ஒழுங்காகச் சுற்றிக் காட்டாமல் விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

அந்த ஒரு வருஷமும் நான்தான் அவருக்கு வலது கை. காரில் இருந்த கம்பளம், பம்பர், கதவின் உள்தகடு எல்லாவற்றையும் எடை குறையட்டும் என்று கழற்றினார். லாரிக் கித்தானைக் கிழித்துத் தைத்து இடுப்புக்கு ஒரு பட்டை செய்தார். கார் குட்டிக்கரணம் போட்டால் தலை தப்பவேண்டுமே என்று தண்ணீர்க் குழாயை வளைத்து மேலே மாட்டினார். பதினேழு என்றால் பதினேழாம் நம்பர் ஸ்பேனரைத் தடவிப் பார்த்தே எடுத்து நீட்டுவேன். எழுத்தைப் படிக்கத்தான் எனக்கு வராது, எண் வரும். அப்பாவின் தராசுக்குப் பக்கத்திலேயே வளர்ந்தவள் இல்லையா.

இன்னொரு அதிகாரமும் எனக்கு இருந்தது. உப்பு பட்டால் இரும்பு அரித்துப்போகும் என்று கால் கழுவாமல் யாரையும் கார் நின்ற கொட்டகைக்குள் விடமாட்டார் சித்தப்பா. வாசலில் வாளியோடு நின்று ஒவ்வொருவர் காலையும் பார்த்து உள்ளே அனுப்புவது நான். கிடங்கு முதலாளியையே ஒரு நாள் திருப்பி அனுப்பியிருக்கிறேன்.

இப்படி இருக்கும்போது சித்தப்பாவுக்குக் கல்யாணம் ஆனது. சித்தி பக்கத்து ஊரான பிரம்மதேசத்து விவசாயக் குடும்பத்துப் பெண். வந்து ஐந்து மாதம் வரை எனக்கு அவளால் தொந்தரவு இல்லை. அவள் சமையலறையில், நான் கொட்டகையில்.

பந்தயத்துக்கு ஒரு மாதம் இருக்கும்போது சித்தப்பா ஒரு விஷயத்தைக் கண்டுபிடித்தார். நாலு சக்கரமும் ஒரே மாதிரி தரையை அழுத்தவில்லை, அதனால்தான் போன தரம் ஒன்று எழும்பியது. கிடங்கில் இரண்டு பிளாட்பாரத் தராசு இருந்தது. பக்கத்து உப்பளத்தில் இரண்டு இரவல் வாங்கினார். பலகை சாய்த்து, நாங்கள் எல்லோரும் தள்ளி, சக்கரத்துக்கு ஒரு தராசாகக் காரை ஏற்றினோம். ஸ்பிரிங்குக்கு அடியில் தகடு வைத்தும் எடுத்தும் எடையைச் சரிசெய்யவேண்டும். ஆனால் ஓட்டுகிற ஆளும் உள்ளே உட்கார்ந்திருந்தால்தான் கணக்கு சரியாக வரும். அவரே உட்கார்ந்தால் கீழே படுத்துத் தகடு வைப்பது யார்?

"ஒரு மூட்ட உப்ப சீட்ல வச்சிடலாமே" என்றார் அப்பா.

"காருக்குள்ள உப்பா? அதுக்கு நீ கார கொளுத்திடலாம்ணே."

சித்தப்பாவின் எடை ஐம்பத்தொரு கிலோ. அதே எடையில் ஒரு ஆள் வேண்டும். அப்பா எல்லோரையும் தராசில் ஏற்றினார். நான்தான் முதல் ஆளாக ஏறி நின்றேன். இருபத்திரண்டு. மூச்சை இழுத்துப் பிடித்தேன், அப்போதும் இருபத்திரண்டு. லாரி கிளீனர் ஐம்பத்தேழு. அம்மா அறுபத்துமூன்று. கடைசியில் காபி கொண்டுவந்த சித்தியை ஏறச் சொன்னார்கள். தராசுக் கம்பியில் குண்டு நகர்ந்து சரியாக ஐம்பத்தொன்றில் நின்றது. சித்தப்பா முகத்தில் வந்த சிரிப்பை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

வயிறு எரிந்தது என்று சொல்வார்களே, அது நிஜமாகவே எரியும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது.

அதன்பின் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் காலையில் சித்தி ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு ராணி மாதிரி உட்காருவாள். சித்தப்பா கீழே படுத்திருப்பார். "கொஞ்சம் சாஞ்சுக்க" என்பார். "ஆடாத" என்பார். "பதினேழு" என்று குரல் வரும்போது, நான் பெட்டிக்குள் கையை விடுவதற்குள் அவள் சீட்டிலிருந்தே எட்டி எடுத்து நீட்டிவிடுவாள். எண் அவளுக்கும் தெரிந்திருந்தது. எட்டாவது வரை படித்தவளாம்.

என் கையில் இருந்தது வாளி மட்டும்தான். அவள் வரும்போதெல்லாம் "கால்ல உப்பு இருக்குது" என்று மூன்று தரம் கழுவவைத்தேன்.

"ஏண்டி, இப்படித் தேச்சுத் தேச்சு என் எடை கொறஞ்சிடப் போவுது. அப்புறம் ஒன் சித்தப்பாவுக்கு யாரு பதில் சொல்றது?" என்றாள்.

உள்ளேயிருந்து சித்தப்பா சிரித்தார். அந்தச் சிரிப்புக்காகவே அவளை இன்னும் இரண்டு தரம் கழுவவைக்கத் தோன்றியது. ஒரு நாள் "வாடி, என் மடியில உக்காந்துக்க" என்று கையை நீட்டினாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன். பிச்சையாக வருகிற இடம் எனக்கு வேண்டாம்.

பொறாமைக்காரிக்குக் கண் கூர்மை. சித்தியைச் சீட்டோடு கட்டுகிற கித்தான் பட்டையில் ஐந்து ஓட்டைகள் இருந்தன. முதல் வெள்ளிக்கிழமை மூன்றாவது ஓட்டையில் மாட்டினாள். மூன்றாம் வெள்ளிக்கிழமை சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பட்டையைத் தளர்த்தி நாலாவதுக்கு மாறினாள். நான் பார்த்துவிட்டேன். யாரிடமும் சொல்லாமல் சேமித்து வைத்துக்கொண்டேன்.

பந்தயத்துக்கு முந்தின வெள்ளிக்கிழமை நாலு தராசையும் கூட்டிப் பார்த்தபோது இரண்டு கிலோ அதிகமாக வந்தது. சித்தப்பா பெட்ரோலை வடித்து அளந்தார். சரியாக இருந்தது. காருக்குள் ஏதாவது கிடக்கிறதா என்று துழாவினார். ஒன்றுமில்லை. மறுபடியும் எடை போட்டார். மறுபடியும் இரண்டு கிலோ. ஒரு மாத வேலை வீணாகிறது, பந்தயத்துக்கு இரண்டே நாள். காரடியில் படுத்திருந்த சித்தப்பாவுக்குப் பொறுமை போய்விட்டது.

"ஒன் தராசு பொய் சொல்லுதுண்ணே."

அப்பாவிடம் வேறு எதைச் சொல்லியிருந்தாலும் பொறுத்திருப்பார். கையிலிருந்த துண்டை உதறித் தோளில் போட்டார். "என்னா சொன்ன? இருவது வருசமா இந்தத் தராசு முன்னாடி நிக்கிறேன். எவனாச்சும் ஒருத்தன் அப்படிச் சொல்லியிருக்கானா? எங் கூடப் பொறந்தவன் நீ சொல்லிட்ட. எடு. எல்லாத்தயும் எடுத்துட்டு வெளிய போ."

சத்தம் கேட்டு அம்மா ஓடிவந்தாள். இதைவிட நல்ல நேரம் கிடைக்காது என்று எனக்குத் தெரிந்தது.

"தராசு பொய் சொல்லல. சித்திக்குத்தான் எடை ஏறிடுச்சு. பட்டையில ஓட்ட மாத்திப் போட்டாங்க, நான் பார்த்தேன்."

எல்லோரும் சித்தியைப் பார்த்தார்கள். அவள் சிரிக்கப் பார்த்தாள். "காலையில ரெண்டு தோச கூட சாப்ட்டுட்டேன்" என்றாள்.

"தோசையா?" என்றாள் அம்மா. "நீ இன்னிக்குக் கஞ்சியே குடிக்கலியே. மூணு வாரமா வெள்ளிக்கிழம ஆனா பச்சத் தண்ணி பல்லுல படாம வந்து உக்கார்ற."

அம்மா காரின் அருகே போனாள். பட்டையை அவிழ்த்தாள். சித்தியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, குரலைத் தாழ்த்தி, "எத்தன மாசம்?" என்று கேட்டாள்.

எத்தனை மாதமாகத் தராசை ஏமாற்றுகிறாய் என்று கேட்பதாக நான் நினைத்தேன். ஆள் வசமாக மாட்டிக்கொண்டாள் என்று சந்தோஷமாக இருந்தது.

"நாலு" என்றாள் சித்தி. உடனே அழ ஆரம்பித்தாள். "பந்தயம் முடிஞ்சு சொல்லலாம்னு இருந்தேன்க்கா. தெரிஞ்சா இவர விடமாட்டீங்க."

விடத்தான் இல்லை. அப்பாவுக்குத் தராசின் மேல் வந்த கோபமெல்லாம் போய்விட்டது, ஆனால் பேச்சு இன்னும் கறாராக வந்தது. "வயித்துப் புள்ளக்காரி புருசன் கடல் தாண்ட மாட்டான், பொணம் தூக்க மாட்டான். நீ என்னாடான்னா நூறு மைல் வேகத்துல சுத்தப் போறியா?"

சித்தப்பா கீழிருந்து வெளியே வந்தார். முகமெல்லாம் கிரீஸ். பின்சக்கரத்துத் தராசின் ஓரத்தில் உட்கார்ந்தார். தராசுக் கம்பி டங்கென்று மேலே போய் முட்டியது. அப்பாகூட அதைத் திரும்பிப் பார்க்கவில்லை.

"ஒரே ஒரு நாள்தானேண்ணே" என்றார் மெதுவாக.

"நீங்க போங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது" என்றாள் சித்தி.

அவர் அவளை நிமிர்ந்து பார்த்தார். "ஒனக்கு ஆவாது. எனக்கு ஏதாச்சும் ஆயிட்டா?" என்றார். அதோடு பந்தயப் பேச்சு முடிந்துபோனது.

சாயங்காலம் வீட்டில் எல்லோருக்கும் வெல்லம் கொடுத்தார்கள். திருட்டைக் கண்டுபிடித்ததற்காகத்தான் என்று நினைத்து இரண்டு கட்டி கேட்டு வாங்கித் தின்றேன்.

ஞாயிற்றுக்கிழமை மெட்ராசில் பந்தயம் நடந்த நேரத்தில் சித்தப்பா கொட்டகையில் கழற்றிய சாமானையெல்லாம் திரும்ப மாட்டிக்கொண்டிருந்தார். ஓட்டுகிற சீட்டு காலியாக இருந்தது. ஒருவரும் தடுக்கவில்லை. ஏறி உட்கார்ந்து ஸ்டியரிங்கைப் பிடித்தேன். ஒரு மாதம் ஏங்கிய இடம் அது. சித்தப்பா என்னைப் பார்த்துப் பாராட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் கண் கலங்கியிருந்தது, வாய் எதையோ முணுமுணுத்துப் பாடிக்கொண்டிருந்தது. இரண்டும் ஒரே முகத்தில் எப்படி இருக்கமுடியும் என்று எனக்குப் புரியவில்லை.

மறுநாள் காலையிலும் அங்கேதான் உட்கார்ந்திருந்தேன். "எறங்கும்மா, சித்திய பாண்டிச்சேரி ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டுப் போவணும்" என்றார். இறங்கினேன். சித்தி தலையணையை முதுகுக்கு வைத்துக்கொண்டு பக்கத்துச் சீட்டில் உட்கார்ந்தாள். என்னைப் பார்த்துக் கையாட்டினாள். மறுபடியும் எரிந்தது.

கொட்டகையிலிருந்து ரோட்டில் ஏறுகிற இடத்தில் ஒரு சின்னப் பள்ளம். சித்தப்பா இறங்கி, பள்ளத்தைப் பார்த்து, பலகை போட்டு, அதன்மேல் காரை ஏற்றினார். அப்புறம் உப்பளங்களுக்கு நடுவே போகிற ரோட்டில் ஓட்டினார். நான் ஓடவேண்டியிருக்கவில்லை, நடந்தே கூடப் போனேன். பின்னால் உப்பு ஏற்றி வந்த மாட்டு வண்டிக்காரர் "ஏம்பா, போறியா, இல்ல ஒதுங்குறியா?" என்று கத்தினார். சித்தப்பா ஓரமாக ஒதுங்கி வழிவிட்டார். மாட்டு வண்டி அந்தச் சிவப்புக் காரைத் தாண்டிக்கொண்டு போனது.

பந்தயத்துக்குப் போகாத துக்கத்தில் சித்தப்பாவுக்குக் கார் ஓட்டவே மறந்துவிட்டது, எல்லாம் இந்தச் சித்தியால் வந்தது என்று நினைத்துக்கொண்டே நான் பாதி வழியில் திரும்பி வந்துவிட்டேன்.