ஆற்றுக்கு நம்பர் இல்லை

செம்மண் நிறத்தில் பொங்கிப் போன காவிரியை நான் படம் எடுத்தேன். தர்மபுரி கலர் லேப்பிலிருந்து அது பாசிப் பச்சையாகத் திரும்பி வந்தது. ஸ்டுடியோ மேசையில் அந்தப் பெரிய பிரிண்டை விரித்து வைத்துக்கொண்டு, என் படந்தானா இது என்று நெகடிவ் கவரை இரண்டு முறை திருப்பிப் பார்த்தேன். என் படந்தான். இது நடந்து இருபத்தைந்து வருஷத்துக்கு மேல் இருக்கும்.

நான் அஞ்சாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். பென்னாகரம் பஸ் ஸ்டாண்டில் டீ கிளாஸ் கழுவினேன். ஒரு ஸ்டுடியோவில் கூட்டிப் பெருக்கப் போய், அங்கேயே கேமராவைத் தொட்டு, பிறகு சொந்தமாகக் கடை போட்டேன். நான் எடுத்த படம் மாட்டாத வீடு எங்கள் சுற்றுவட்டாரத்தில் குறைவு. இதைச் சொல்லிக்கொள்ள எனக்குக் கூச்சமில்லை. எனக்காக இன்னொருவர் வந்து சொல்லப் போவதில்லை.

கல்யாணப் படம் எடுக்கிறவனுக்கு ஆடியில் வேலை கிடையாது. முகூர்த்தமே இல்லாத மாதம். அதனால் ஆடி பிறந்ததும் நாங்கள் ஏழெட்டு ஸ்டுடியோக்காரர்கள் ஒரு வேன் பிடித்துக்கொண்டு அருவி, பள்ளத்தாக்கு, கடல் என்று கிளம்பிவிடுவோம். பென்னாறு பாறையை அறுத்துக்கொண்டு ஓடுகிற ஆந்திரப் பக்கத்துப் பள்ளத்தாக்குக்குப் போயிருக்கிறோம். தனுஷ்கோடி மணலில் கேமரா முக்காலியை நட்டிருக்கிறோம். மண்டபத்தில் பழகிய வாய் சும்மா இருக்குமா? ஒருமுறை ஒருவர் மலையைப் பார்த்து, 'கொஞ்சம் மொகத்தத் தூக்குங்க' என்றார். வேன் திரும்பி வரும்வரை அதைச் சொல்லியே அவரை வறுத்தெடுத்தோம். பக்கத்திலிருக்கும் ஒகேனக்கல்லைத்தான் நாங்கள் சரியாகப் பார்த்ததில்லை. ஆடியில் அங்கே வெள்ளம். பரிசல் ஓடாது, குளிக்க விடமாட்டார்கள், பாறையெல்லாம் முழுகிக் கிடக்கும். தண்ணீர் தெளிந்து அருவி தனித்தனியாய் விழுகிற நாளில் நாங்கள் ஏதாவது ஒரு மண்டபத்தில் நிற்போம்.

ஆகவே அந்த ஆடியில் வெள்ளத்தையே எடுத்தேன். ஆவணி முதல் முகூர்த்தத்தில் என் புது ஸ்டுடியோவைத் திறப்பதாக இருந்தேன். முன்சுவரில் மாட்ட அந்தச் செந்நீர்ப் படந்தான் வேண்டும் என்று மனத்தில் வரைந்து வைத்திருந்தேன். அதுதான் பச்சையாக வந்தது.

மெஷினில் பிரிண்ட் போடுகிறவரை நாங்கள் லேப்பு என்றே கூப்பிடுவோம். என்னைவிடச் சின்னவர், அதிகம் பேசாதவர். பஸ் ஏறிப் போய், கவுண்டரில் பத்துப் பேர் நிற்கையில் படத்தை அவர் முன்னால் போட்டேன்.

"ஏம்ப்பா லேப்பு, காவிரிக்குப் பாசி புடிச்சிருச்சா? கண்ணு பொடனியிலயா இருக்குது?"

"திருப்பிப் போட்டுத் தர்றனுங்ணா."

உள்ளேயிருந்து முதலாளி வந்தார். படத்தைப் பார்த்தார். "இந்த மாசத்துல இது மூணாவது. இன்னொரு தடவ வந்துச்சுன்னா வேற ஆளப் பாத்துக்குவேன்" என்றார். அப்போது எனக்கு அது நியாயமாகவே பட்டது. லேப்பு மறுபடி போட்டுக் கொடுத்தார். மறுபடியும் பச்சை, கொஞ்சம் வெளிறிய பச்சை. இந்த ஆள் மெஷினை விட்டு எழுந்ததே இல்லை, வெள்ளத்தைக் கண்ணால் கண்டிருக்கமாட்டார் என்று நானாக முடிவு கட்டினேன். அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவரை பஸ்ஸில் ஏற்றி ஒகேனக்கல்லுக்கு இழுத்துக்கொண்டு போனேன்.

சாரல் மழைபோல் முகத்தில் அடித்தது. இரைச்சலில் கத்தித்தான் பேசவேண்டியிருந்தது. "நல்லாப் பாத்துக்க. என்ன கலரு?" என்றேன். அவர் கம்பியைப் பிடித்துக்கொண்டு ரொம்ப நேரம் தண்ணீரையே பார்த்தார். கரையோரத்து மரங்களைப் பார்த்தார். திரும்பத் தண்ணீரைப் பார்த்தார். பிறகு என் காதருகே வந்து, "நீங்களே சொல்லிருங்ணா" என்றார்.

மீன் வறுக்கிற கடைப் பெஞ்சில் உட்கார்ந்துதான் முழுதும் சொன்னார். செம்மண்ணும் பச்சையும் அவர் கண்ணுக்குப் பிறந்ததிலிருந்தே ஒன்றுதானாம்.

"அப்ப இத்தன வருசமா எப்படிப்பா எங்க கல்யாணமெல்லாம் போட்ட?"

"மொகத்துக்கு நம்பர் இருக்குதுங்ணா. மாநெறத்துக்கு ஒண்ணு, செவப்புக்கு ஒண்ணு, மெஷின்ல தட்டுறது மனப்பாடம். பொடவைக்கு வூட்டுக்காரி சொல்லிருவா. பக்கத்துல ஒக்காந்து பிரிண்ட் வெட்டுறது அவதானுங்களே. செவப்புக் கொற, மஞ்சள் ஏத்துன்னு வாய்க்குள்ளயே சொல்லுவா. இப்பப் பிரசவத்துக்குச் சித்தேரி மலைக்கு, அம்மா வூட்டுக்குப் போயிட்டா. ஆத்துக்கு நம்பர் இல்லீங்ணா."

மீன் ஆறிக்கொண்டிருந்தது. இது வெளியே தெரிந்தால் வேறு எந்த லேப்பிலும் அவரை உட்கார வைக்கமாட்டார்கள். வேறு தொழிலும் அவருக்குத் தெரியாது. மலைமேல் மனைவி நிறைமாதம். பத்துப் பேர் முன்னால் படத்தை வீசி, முதலாளி வாயிலிருந்து அந்த வார்த்தையை வரவழைத்தவன் நான். 'யார்கிட்டயும் சொல்லிராதீங்ணா' என்று அவர் கேட்கவில்லை. எண்ணெய்க் காகிதத்தை மடித்து மடித்துச் சின்னதாக்கிக்கொண்டிருந்தார்.

மறுநாள் அந்தக் கலர் லேப்புக்குப் போனேன். அதே கவுண்டரில், எல்லோர் காதிலும் விழும்படி முதலாளியிடம் சொன்னேன்: "தப்பு எம்மேலதானுங்க. கறுப்பு வெள்ளைக்குப் போடுற பச்ச ஃபில்டர லென்ஸ்ல மாட்டுனவன், கழட்டாம கலர் ரோல் பூராவும் எடுத்துப்போட்டேன்." தொழிலுக்கு வந்த முதல் வாரத்தில்கூட யாரும் செய்யாத தப்பு அது. கேமராவில் கண்ணை வைத்தாலே உலகம் பச்சையாகத் தெரியுமே, அதுகூடவா தெரியவில்லை என்று அங்கேயே ஒருவர் சிரித்தார். முதலாளியும் சிரித்துவிட்டார். லேப்பு தலையைத் தூக்கவே இல்லை.

குழந்தை பிறந்து அந்தப் பெண் திரும்பி வருகிறவரை, என் ஆல்பத்தை நானே வெட்டினால்தான் திருப்தி என்று சொல்லிக்கொண்டு தினமும் மத்தியானம் அந்த வெட்டுமேசையில் போய் உட்கார்ந்தேன். யார் யார் கல்யாணத்துக்கோ சிவப்புக் குறை, மஞ்சள் ஏற்று என்று முணுமுணுத்தேன். புது ஸ்டுடியோ ஆவணியில் திறந்தது. முன்சுவரில் ஒரு கல்யாண ஜோடியை மாட்டினேன்.

ஃபில்டர் மட்டும் என்னை விடவில்லை. எத்தனை ஆடி வந்தாலும் வேனில் அது வந்து உட்கார்ந்துகொள்ளும். என்னிடம் தொழில் பழகியவர்கள்கூட, 'அண்ணா, கழட்டிட்டீங்களா?' என்று கேட்டுவிட்டுத்தான் படமெடுக்க விடுவார்கள். இத்தனை உழைத்து மேலே வந்தவனுக்கு அது எப்படி இருந்திருக்கும் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. ஒவ்வொரு தடவையும் லென்ஸைத் திருப்பிக் காட்டிவிட்டுத்தான் எடுத்தேன்.

அந்தக் கலர் லேப்பை முதலாளி மூடி வருஷக்கணக்காகிறது. லேப்பும் அவர் மனைவியும் இப்போது பாப்பாரப்பட்டியில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கிறார்கள். போன ஆடியில் கடலுக்குப் போனபோது அவர்களும் வந்தார்கள். புதுப் பையன்கள் ட்ரோன் பறக்கவிட்டுக்கொண்டிருந்தார்கள். நான் செல்போனைத் தூக்கியதும் அதிலொருவன் வழக்கம்போல ஃபில்டரைக் கழட்டியாச்சா என்று கேட்டான்.

"அவரு ஃபில்டரே மாட்டல தம்பி" என்றார் லேப்பு. "எனக்குத்தான் கலர் தெரியாது."

எல்லோரும் திரும்பிப் பார்த்தார்கள். அவர் மனைவி, "ஆமாங்க, கட்டுன நாள்லருந்து நாந்தான் சட்டை எடுத்துக் குடுக்குறேன்" என்றார். ஆளாளுக்கு ஓடிவந்து தொப்பியையும் செருப்பையும் காட்டி, இது என்ன கலர், அது என்ன கலர் என்று அவரைக் கேட்க ஆரம்பித்துவிட்டார்கள். அவரும் தப்புத் தப்பாகச் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்கு உள்ளபடியே கோபம் வந்தது. நான் சம்பாதித்துக் கட்டிய கட்டடம் ஊருக்கே தெரியும். லேப்புக்காகச் செய்த இது ஒன்றைத்தான் யாருக்கும் காட்டாமல் வைத்திருந்தேன்.

"ஏம்ப்பா, கேக்காம எதுக்குச் சொன்ன?" என்றேன்.

"அன்னிக்கு நீங்க மட்டும் கேட்டுட்டா சொன்னீங்க?" என்றார்.